போர்விமானத்துக்கு ஒரு நாடா

ஹம்பேர்க் நகரின் தென்பக்கத்தில், ஒரு கால்வாய்க் கரையில் இருக்கும் சிறிய தொழிற்சாலையில் பேர்பெச்சுவா சூசைதாசன் பத்தொன்பது வருடங்களாகப் படகுகளுக்குப் போர்வை தைத்தார். படகுக்கு எதற்குப் போர்வை என்று மன்னாரிலிருந்து தொலைபேசியில் கேட்ட சொந்தக்காரர் உண்டு. பணக்காரரின் உல்லாசப் படகு வருடத்தில் ஐந்து மாதம்தான் தண்ணீரில் நிற்கும். மிச்ச ஏழு மாதமும் மழையும் பனியும் படாமல் அதை மூடி வைக்க வேண்டும். இதை அவர் பொறுமையாக விளக்குவார். கேட்டவர்கள் தங்கள் வீட்டுக் கூரையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள்.

இருபத்து நாலு வயதில், தையலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்த பெண் அவர். முதலில் ஹோட்டல் அறை துப்புரவாக்கினார். பிறகு மீன் பெட்டி அடுக்கினார். மீன் நாற்றம் தலைமயிரை விட்டுப் போகாத காலத்தில் யாரோ இந்தத் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல, நேராகப் போய் ஒரு மெசினுக்கு முன்னால் குந்திக்கொண்டார். மேற்பார்வையாளர் டெட்லெஃப்சன் அவர் தைத்ததைத் திருப்பிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், "சரி" என்றார். டெட்லெஃப்சன் வடஜேர்மன்காரர். அவருடைய அகராதியில் "சரி" என்பதற்கு மேலே வேறு பாராட்டு இல்லை. பத்தொன்பது வருடத்தில் பேர்பெச்சுவாவுக்கு அது நாலு தடவை கிடைத்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் அவர் வீட்டிலும் தைத்தார். ஹம்பேர்க்கிலிருந்து பிறேமன் வரை ஒரு தமிழ்க் கலியாணம் என்றால், சாறி சென்னையிலிருந்து வரலாம், யாழ்ப்பாணத்திலிருந்து வரலாம். பிளவுசும் உள்பாவாடையும் பேர்பெச்சுவாவின் குசினி மேசையிலிருந்துதான் வரும். அவருடைய தையலை ஒருவரும் குறை சொன்னதில்லை. அவர்தான் வந்தவர்களின் உடம்பைக் குறை சொல்லுவார்.

கொரோனாக் காலத்தில் ஆட்கள் ஒருவரோடொருவர் அடிபட்டுப் படகு வாங்கினார்கள். கொரோனா முடிய அடிபட்டு விற்றார்கள். போர்வைக்கு ஆள் குறைந்தது. ஒரு நாள் காலை டெட்லெஃப்சன் தையல் பகுதியிலுள்ள பதினாலு பேரையும் கூப்பிட்டு, கோடைக்குப் பிறகு ஏழு பேருக்குத்தான் வேலை இருக்கும், அதுவும் நிச்சயமில்லை என்றார். பேர்பெச்சுவாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பென்சனுக்கு இன்னும் பத்து வருடம். அந்த வயதில், அந்த முழங்காலோடு, இன்னொரு வேலை என்பது குதிரைக்கொம்பு. அவர் வீட்டுக்கு வந்து, மூன்று நாளைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜேர்மன் அரசாங்கம் தன் இராணுவத்துக்கென்று நூறு பில்லியன் யூரோவைத் தனியாக எடுத்து வைத்திருந்த காலம் அது. புதிய விமானம், புதிய கவசவண்டி, புதிய சப்பாத்து என்று ஒவ்வொரு நாளும் செய்தியில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய பணம் மேலேயிருந்து கீழே வர நேரம் எடுக்கும். முதலில் பெரிய கம்பனிக்கு, அங்கிருந்து நடுத்தரக் கம்பனிக்கு, அங்கிருந்து சின்னக் கம்பனிக்கு. எல்லாரும் நனைந்த பிறகு, கடைசிச் சொட்டு கால்வாய்க் கரையில் வந்து விழுந்தது. போர்விமானத்துக்கு உறை தைக்கிற வேலை.

போர்விமானத்தின் இரண்டு பக்கமும் காற்றை உள்ளே இழுக்கிற பெரிய வாய்கள் உண்டு. விமானம் சும்மா நிற்கும்போது அதற்குள் குருவி கூடு கட்டிவிடும், தூசி போய்விடும். அதனால் அந்த வாய்களுக்குச் சிவப்புத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த உறை போட்டு வைப்பார்கள். இத்தனை கோடிக்கு வாங்கிய இயந்திரம் ஒரு குருவிக்குப் பயப்படுகிறது என்பதைப் பேர்பெச்சுவா அன்றுதான் அறிந்தார்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. அன்று பின்னேரம் கணவனிடம் சொன்னார்.

"பொம்பர் பிளேனுக்குத் தைக்கச் சொல்லுறாங்கள். எனக்கு மனம் ஒப்பேல்லை."

சூசைதாசன் எஸ்-பான் ரயில்களைக் கழுவி ஓய்வு பெற்றவர். அளந்து பேசுகிறவர். "என்னத்தைத் தைக்கிறது? குண்டு வைக்கிற பையோ?"

"இல்லை. நிக்கேக்க வாயை மூடுற உறை."

"அப்ப அது போட்டிருக்கிற மட்டும் பறக்க ஏலாதெல்லோ?"

"ஏலாது."

"பிறகென்ன, நல்லா இறுக்கித் தையும்."

பேர்பெச்சுவாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் போய்ச் சம்மதித்தார். பதினாலு பேரும் வேலையில் இருக்கலாம் என்று டெட்லெஃப்சன் அறிவித்தார். பக்கத்து மெசின் போலந்துக்காரி அழுதாள்.

உறையின் விளிம்பைச் சுற்றி, துணியை மடித்துத் தைத்த ஒரு குழாய் இருக்கும். அதற்குள் ஒரு நாடா ஓடும். நாடாவை இறுக்கி ஒரு கொளுக்கியில் மாட்டினால் உறை வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவசரம் என்றால் ஒருவர் ஒரு முனையைப் பிடித்து இழுப்பார். நாடா முழுவதும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். உறை கீழே விழும். எல்லாம் இருபது செக்கனுக்குள் நடக்க வேண்டும். இது நாற்பத்தாறு பக்க ஆவணத்தில் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது. தைக்கிறவர்களிடம் முதல் பன்னிரண்டு பக்கம்தான் கொடுத்திருந்தார்கள். அளவு, நூல், நிறம், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பது வரை.

விளிம்பு வேலையும் நாடா கோர்க்கிற வேலையும் பேர்பெச்சுவாவுடையது. அந்தக் குழாயைப் பார்த்த கணமே அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. முப்பது வருடமாக அதைத்தானே தைக்கிறார். உள்பாவாடை இடுப்பு.

உள்பாவாடை நாடாவில் ஒரு உபத்திரவம் இருக்கிறது. கழுவும்போது அது ஒரு பக்கமாக உருவி வந்துவிடும். பிறகு ஊக்கைக் குத்தி, தள்ளித் தள்ளி மறுபக்கம் கொண்டுவர அரை மணித்தியாலம் போகும். கலியாணத்துக்கு வெளிக்கிடுகிற நேரத்தில்தான் அது நடக்கும். அதனால் நல்ல தையல்காரி நாடாவைக் கோர்த்தபின், பின்பக்க நடுவில் குழாயையும் நாடாவையும் சேர்த்து ஆறு தையல் போட்டுவிடுவாள். அதற்குப் பிறகு நாடா எந்தப் பக்கமும் அசையாது. பேர்பெச்சுவா இதை நினைத்துச் செய்வதில்லை. மூக்கு அரித்தால் கை போகிற மாதிரி, நடு வந்ததும் கை போகும்.

சிவப்புத் துணியில் சிவப்பு நூலில் ஆறு தையல். நாற்பத்தெட்டு உறையிலும் போட்டார். சோதிக்க வந்தவர் அளந்தார், நிறை பார்த்தார், நிறத்தை ஒரு அட்டையோடு ஒப்பிட்டார். நாடாவை இழுத்துப் பார்க்கவில்லை. அது அவருடைய பட்டியலில் இல்லை. ஒவ்வொரு உறையிலும் தைத்தவரின் இலக்கத்தை அச்சடித்தார்கள். பேர்பெச்சுவாவின் இலக்கம் ஏழு.

மூன்று மாதம் கழித்து, வடக்கே ஒரு விமானப்படைத் தளத்தில், ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்று பார்க்கப் பாராளுமன்றத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுக்குக் கோப்பி கொடுத்து, வெயிலில் கதிரை போட்டு, அவசர ஒத்திகை ஒன்றைக் காட்டினார்கள். சங்கு ஊதியது. விமானி ஓடிப்போய் ஏறினார். இரண்டு சிப்பாய்கள் உறையின் நாடாவை இழுத்தார்கள். நாடா வரவில்லை. இன்னும் இழுத்தார்கள். மூன்றாவது சிப்பாய் வந்து மற்ற இருவரையும் பிடித்து இழுத்தார். வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அரசாங்கச் சொத்தை வெட்டுவதற்கு ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். விமானம் பதினொரு நிமிடம் பிந்திக் கிளம்பியது. வந்தவர்கள் கைதட்டினார்கள். ஒத்திகை அப்படித்தான் என்று நினைத்திருக்க வேண்டும்.

தளத்துக்காரர் யாரும் கைதட்டவில்லை. உறையைப் பிரித்தார்கள், ஆறு தையலைக் கண்டார்கள், மற்ற உறைகளைப் பிரித்தார்கள். நாற்பத்தெட்டிலும் ஒரே இடத்தில் ஒரே ஆறு தையல். தற்செயல் என்று ஒன்று இரண்டுக்குச் சொல்லலாம். நாற்பத்தெட்டுக்கு வேறு சொல் இருக்கிறது. பதினொரு நிமிடத் தாமதம் பற்றித் தளத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்த கடிதத்தில் அந்தச் சொல் இருந்தது: நாசவேலை என்ற சந்தேகம். விசாரிக்க ஒரு பாதுகாப்பு அதிகாரி வருவார். வேண்டுமென்று செய்தது என்று தெரிந்தால் வேலை போகும், வழக்கும் வரும், தொழிற்சாலையின் ஒப்பந்தமும் போகும். டெட்லெஃப்சன் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, பேர்பெச்சுவாவைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்.

வீட்டில் சூசைதாசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு விஷயம்தான் சொன்னார்.

"பாவாடைக் கதையைச் சொல்லும். மாமியின்ர கதையை மட்டும் எடுக்கவேண்டாம்."

மாமி என்று அவர் சொன்னது பேர்பெச்சுவாவின் தாயை. சூசைதாசன் அதே ஊர், அடுத்த ஒழுங்கை. அந்தக் கதை அவருக்கு ஒருவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"எனக்கென்ன விசரே, அதை ஏன் எடுக்கிறன்?" என்றார் பேர்பெச்சுவா.

பாதுகாப்பு அதிகாரியின் பெயர் மார்க்வார்ட். சாதாரண உடுப்பில், ஒரு மடிக்கணினியோடு வந்தார். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் விசாரணை. பேர்பெச்சுவா கைப்பையிலிருந்து ஒரு உள்பாவாடையை எடுத்து மேசையில் விரித்தார். மாம்பழ மஞ்சள் நிறம், புஸ்பவதி என்பவரின் மகளுடைய கலியாணத்துக்குத் தைத்தது.

"இது என்ன?" என்று மார்க்வார்ட் கேட்டார்.

பேர்பெச்சுவா தன் ஜேர்மனில் விளக்கினார். கழுவுவது, உருவுவது, ஊக்குக் குத்துவது எல்லாவற்றையும். "நாடாவை இழுத்துப் பாருங்கள்" என்றார். மார்க்வார்ட் இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தார். டெட்லெஃப்சன் பாவாடையின் மறுபக்கத்தைப் பிடித்தார். ஜேர்மனியின் பாதுகாப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மார்க்வார்ட் இருந்து, இரண்டு வரி தட்டச்சு செய்தார்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் படிவத்தில் இன்னும் கேள்விகள் இருந்தன. ஜேர்மன்காரர் ஒரு படிவத்தை நடுவில் விடமாட்டார்கள்.

"இராணுவ விமானங்களோடு உங்களுக்கு முன்னனுபவம் உண்டா?"

இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கக்கூடிய கேள்வி. பேர்பெச்சுவா வாயைத் திறந்தார், பொய் வரவில்லை.

"உண்டு" என்றார். "கீழேயிருந்து."

மார்க்வார்டின் விரல்கள் நின்றன. விளக்கச் சொன்னார். இனி மறைத்துப் பயனில்லை என்று பேர்பெச்சுவாவுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டு வளவில் ஒரு பங்கர் வெட்டியிருந்தோம் என்றார். பொம்பர் இரைகிற சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிப்போய் அதற்குள் இறங்குவோம். நான் மூத்தவள். தலைகளை எண்ணுவது என் வேலை. அம்மா மட்டும் கடைசியாகத்தான் வருவார். சோறு குழைந்துவிடும் என்று பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் வருவார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். இருபத்தைந்துக்குள் எப்படியும் வந்துவிடுவார். அன்றைக்கு இருபது எண்ணும்போது குண்டு விழுந்துவிட்டது.

அவருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பத்து நாலு வருடமாக அந்தச் சோற்றுப் பானைமேல் இருக்கிற கோபம்.

"அப்படியென்றால்," என்றார் மார்க்வார்ட், மிக மெதுவாக, "ஒரு விமானத்தைத் தரையில் மறித்து வைக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது."

"இருக்கிறது."

டெட்லெஃப்சன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தைக்கும்போது அதை நினைத்தீர்களா?"

பேர்பெச்சுவா உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். தைக்கும்போது என்ன நினைத்தார்? புஸ்பவதியின் மகள் கை இறக்கம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லாமல் போனதை நினைத்தார். முழங்கால் நோவை நினைத்தார். "இல்லை" என்றார். பிறகு, அந்த ஆறு தையலைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு கதைக்கிறார்களே என்று அவருக்குள் ஏதோ குத்தியது. "வேண்டுமென்று செய்திருந்தால் ஆறு தையலோடு விட்டிருக்கமாட்டேன். நான் வேண்டுமென்று தைத்திருந்தால், அந்த உறை இன்றைக்கும் அங்கேயே இருந்திருக்கும்."

மார்க்வார்ட் டெட்லெஃப்சனைப் பார்த்தார்.

"அது சரி" என்றார் டெட்லெஃப்சன். ஐந்தாவது தடவை.

மார்க்வார்ட் படிவத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு தாயின் கதையை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை என்றார். முடிவு என்ற கட்டத்தில், தொழிற் பழக்கத்தால் வந்த தவறு என்று எழுதினார். ஒரு நிபந்தனையும் போட்டார். மூன்று கிழமைக்குள் நாற்பத்தெட்டையும் திரும்பத் தைக்க வேண்டும். அவர் வந்து, இருபது செக்கனுக்குள் விழுகிறதா என்று பார்ப்பார். விழாவிட்டால் ஒப்பந்தம் இல்லை.

அன்று எஸ்-பானில் வீட்டுக்குப் போகும்போது பேர்பெச்சுவா முதல் முறையாக அந்தப் பதினொரு நிமிடத்தைப் பற்றி நினைத்தார். அம்மா செத்த நாளில் எந்த ஊரிலோ எந்தத் தளத்திலோ எவளாவது ஒருத்தி ஒரு நாடாவைத் தெரியாத்தனமாகத் தைத்து வைத்திருந்தால், அம்மா பானையை இறக்கியிருப்பார். கஞ்சி வடித்திருப்பார். அடுப்பையும் அணைத்துவிட்டு ஆறுதலாக நடந்து வந்திருப்பார். தன்னுடைய தவறில் அவருக்குச் சந்தோசமாக இருந்தது. பதினாலு பேரின் வேலையை வைத்துக்கொண்டு இப்படிச் சந்தோசப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்று கிழமையும் தைத்தார். நடு வந்ததும் கை தானாகப் போனது. அதை ஒவ்வொரு தடவையும் இழுத்து எடுத்தார். டெட்லெஃப்சன் மெசினில் ஒரு மஞ்சள் கடதாசி ஒட்டினார்: நடுவில் தைக்க வேண்டாம். அது உதவவில்லை. முதல் தடவை கை தெரியாமல் போனது. இப்போது தெரிந்தே போனது. இப்போது ஆறு தையல் போட்டால் அது தவறு இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போடாமல் விட்டால் அது என்ன என்பதுதான் தெரியவில்லை. பக்கத்து மெசினில் போலந்துக்காரி தன் இரண்டு பிள்ளைகளின் படத்தை நூல்கட்டைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். பேர்பெச்சுவா நாடாவைக் கோர்த்தார், நடுவைத் தாண்டினார், நூலை வெட்டினார். நாற்பத்தெட்டு தடவை.

மார்க்வார்ட் சொன்ன நாளில் வந்தார். விமானத்தின் வாய் அளவுக்கு மரத்தில் ஒரு வளையம் செய்து வைத்திருந்தார்கள். உறையை மாட்டினார்கள். டெட்லெஃப்சன் இழுத்தார், மார்க்வார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாடா ஒரு தடங்கலும் இல்லாமல் வழுக்கி வந்தது. உறை நிலத்தில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மற்ற நாட்டுக் கம்பனிகள் தைத்தவைகூட இவ்வளவு வேகமாக விழுந்ததில்லை என்றார் மார்க்வார்ட். இராணுவத்துக்கான பணத்தை இன்னும் கூட்டப் போகிறார்கள், இன்னும் முந்நூறு உறை வரும், அதற்குப் பிறகும் வரும் என்றார். டெட்லெஃப்சன் "சரி" என்பதை ஒரே நாளில் இரண்டு தடவை சொன்னார். மனைவி செய்து கொடுத்த அப்பிள் கேக்கைப் பதினாறாக வெட்டினார். பேர்பெச்சுவா தன் துண்டைச் சாப்பிடாமல், கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சூசைதாசன் கதவடியில் நின்றார். "என்னவாம்?"

"வேலை இருக்காம். பென்சன் எடுக்கிற மட்டும்."

"அப்பாடா. மாதாவே." அவர் கேக்கை வாங்கிக்கொண்டு குசினி மேசையில் இருந்தார். பேர்பெச்சுவா தேத்தண்ணி வைத்துக்கொடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டபின் அவர் கேட்டார்.

"எத்தினை செக்கனில விழுந்தது?"

"பதினாலு."

சூசைதாசன் இரண்டாவது வாயை எடுத்தவர், அதைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"மாமிக்குப் பானை இறக்க நேரம் காணாது" என்றார்.

"ஓம்" என்றார் பேர்பெச்சுவா.